பொது வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் வந்த நாள்

ஒரு ஜீப் டிரைவரின் தொண்டையிலிருந்து கிளம்பும் ‘ம்’ என்ற ஓசை ஒரு முனைவர் பட்டத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிடும் என்று நான் மனதார நம்பியிருக்கிறேன். நம்பியதோடு நிற்கவில்லை. அந்த ஓசையைத் தடுக்க, நிறைந்த அரங்கத்தில், தொப்பையை மடக்கிக் குனிந்து குனிந்து ஓடியும் இருக்கிறேன். இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியத்தில் வல்லுநர் என்று கார்டு அடித்து வைத்திருந்த மனிதன் செய்கிற வேலையா அது? ஆமாம், அந்த மனிதனேதான்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிற என்னை இதையெல்லாம் எழுத வைத்தது, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி. போன வாரம் போன் செய்தார்.

“சார், அடுத்த மாசம் என் ஸ்டூடண்டுக்கு வைவா. எல்லாம் ஸ்கிரீன்லதான். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். ஆனாலும் பயமா இருக்கு. நீங்கல்லாம் எப்புடி சார் அவ்வளவு தைரியமா இருந்தீங்க?”

தைரியமா! எனக்குப் புரையேறிவிட்டது. “தம்பி, ஒனக்கு நெட் கட்டாயிருமோன்னு பயம். எனக்கு மூணு ஜீப்பு வந்துச்சுப்பா” என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியும்படி எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். 

நான் படித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆண்டிபட்டிப் பக்கத்து ஆள் நான். மதுரையில் ஆங்கிலம் கிடைக்காமல் பிரெஞ்சில் சேர்ந்து, புதுச்சேரியில் அதன் மேல் உண்மையாகவே காதல் வந்து, உதவித்தொகையில் பாரிசுக்குப் போய் ஒரு முழுக் குளிர்காலம் பழைய தோல் பிரதிகளோடு குடித்தனம் நடத்தினேன். அங்கே பிரதியைக் கையில் தர மாட்டார்கள். முதலில் ஒரு மெத்தை வரும். அதன் மேல் பிரதியைக் கைக்குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்துவார்கள். பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க, துணி உறைக்குள் ஈயக் குண்டுகள் கோத்த நீளமான கயிறு ஒன்றைப் பாம்பு மாதிரி மேலே படுக்க வைப்பார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். நான் முதல் நாள் பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். ஆட்டுத்தோல் அல்லவா, ஆண்டிபட்டிக்காரன் மூக்குச் சும்மா இருக்குமா? நூலகத்து அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்து நக்கிப் பார்ப்பேனோ என்ற கவலை தெரிந்தது. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

தேனியில் பிரெஞ்சா என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் கல்லூரியில் அதைப் படிக்க வந்தவர்களுக்குக் காரணம் தெளிவாகவே இருந்தது. குமுளியைத் தாண்டினால் தேக்கடி. அங்கே யானை பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களை அழைத்துப் போக ஆள் வேண்டும். முதல் வகுப்பிலேயே ஒரு பையன் எழுந்து, “சார், யானை சாணி போட்டா பிரெஞ்சுல என்ன சொல்லணும்?” என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் வருடம் அதே பையன், எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுச் சிரிப்புக் கதையைப் படித்துவிட்டு வகுப்பில் உருண்டு சிரித்தான். சந்தை கூடும் ஊர்களில் கதைசொல்லிகள் செய்யுளாகச் சொல்லித் திரிந்த கதைகள் அவை. ஏமாறும் வியாபாரி, ஏமாற்றும் மனைவி, அடி வாங்கும் பாதிரியார். கம்பம் ஊரில் நடந்தது என்று சொன்னாலும் நம்புவார்கள்.

அந்தக் கதைகளைத்தான் நாகஜோதி என்னிடம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். கூடலூர்ப் பெண். அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். கூடலூரிலிருந்து விடியும் முன்பே கிளம்பி மலையேறி கேரளத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பள்ளி விடுமுறைகளில் இவளும் அதில் போயிருக்கிறாள். ஓட்டியவர் இவளுடைய தாய்மாமன் சுருளிவேல். அந்த ஜீப்பில் ஒரு சட்டம் இருந்தது. வளைவுகளில் வயிறு புரளாமலிருக்க யாராவது கதை சொல்ல வேண்டும். கதைக்கு ‘ம்’ கொட்ட வேண்டியவர் டிரைவர். மற்றவர்கள் தூங்கிக்கொள்ளலாம், டிரைவர் தூங்கினால் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தூக்கம். ‘ம்’ வராவிட்டால் கதை நிற்கும். கதை நின்றால் ஜீப்பே கூச்சல் போடும்.

ஒரு நாள் நாகஜோதி என் அறைக்கு ஓடி வந்தாள்.

“சார், கதைக்கு நடுவுல ‘இப்ப அவன் என்ன செஞ்சான்னு நினைக்கிறீங்க?’ன்னு கதைசொல்லி கேப்பான்ல? அந்த வரியெல்லாம் செய்யுள் அடியை ரொப்புறதுக்குப் போட்டதுன்னு புஸ்தகத்துல எழுதிருக்காங்க. இல்ல சார். அது கேக்குறவங்க பதில் குரல் கொடுக்கிற எடம். எங்க ஜீப்புல வளைவு வர்றதுக்கு முன்னாடி நான் அப்புடித்தான் கேப்பேன். மாமா முழிச்சிருக்காரான்னு பாக்க.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே பயமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும். “யோசனை பிரமாதம். ஆனா ஜீப்பைத் தீசிஸுக்குள்ள ஓட்டிட்டு வந்துராதம்மா. கவுத்துருவாங்க” என்றேன். அவள் ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு, இணையத்தில் பிரெஞ்சு நூலகங்கள் ஏற்றி வைத்திருக்கும் தோல் பிரதிகளுக்குள் இறங்கினாள். ஒரே கதையின் வெவ்வேறு பிரதிகளை அருகருகே வைத்து, படியெடுத்து எழுதினவன் எந்த வரியை வெட்டினான், எதை விட்டு வைத்தான் என்று பார்த்தாள். வருணனையை வெட்டியிருக்கிறார்கள், ஊர்ப் பெயரை வெட்டியிருக்கிறார்கள், கேள்வி வரியை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். இதுதான் நான்காம் அத்தியாயம்.

அந்த நான்காம் அத்தியாயத்தில்தான் இடி விழுந்தது.

தேர்வாளர் புதுச்சேரியிலிருந்து பேராசிரியர் சூசைநாதன். பிரதி ஆய்வில் பெரிய கை. அவருடைய அறிக்கை மற்ற அத்தியாயங்களைப் பாராட்டியது. நான்காவதை நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. “பிரதியில் பதிவாகாத ஓசையை ஆய்வாளர் கேட்டிருக்கிறார். எங்கே கேட்டார் என்பதை நேரில் விளக்க வேண்டும்.” விளக்கம் போதவில்லை என்றால் திருத்தி எழுதச் சொல்வார். திருத்தி எழுத ஒரு வருடம் ஆகும். உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்று நாகஜோதியைத் தேர்ந்தெடுத்து, கல்வியாண்டு தொடங்குவதற்குள் பட்ட முடிவோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆள் என்று சொல்லியிருந்தது. ஒரு வருடம் காத்திருக்க அவர்கள் என்ன மாமன் வீடா?

இங்கே எங்கள் துறைத் தலைவர் கமலவேணி அம்மையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் சொற்களுக்குத் தனி அகராதி உண்டு. ‘பரவாயில்லை’ என்றால் முதலிலிருந்து எழுது. ‘யோசிக்கலாம்’ என்றால் மறந்துவிடு. ‘சந்தோஷம்’ என்றால் விளக்கம் கேட்டு மெமோ வரப்போகிறது. அறிக்கையைப் படித்து மூடிவிட்டு, பேனா மூடியை மெதுவாகத் திருகிப் பூட்டி, “சந்தோஷம், சார்” என்றார். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

முறைப்படி சுற்றறிக்கை ஒட்டினோம். பொது வாய்மொழித் தேர்வு, ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம். வழக்கமாக அந்த அனைவரும் யார் என்றால், துறை ஆசிரியர்கள், பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்த மாணவர்கள், மிக்சர் வாசனைக்கு வரும் பக்கத்துத் துறைக்காரர்கள். நாகஜோதி அந்தச் சுற்றறிக்கையைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறாள். பெருமைக்குத்தான் போட்டாள். அங்கே அதை அழைப்பிதழாகப் படித்துவிட்டார்கள்.

தேர்வு நாள் காலை, சூசைநாதனை வரவேற்க வாசலில் நின்றேன். முதலில் வந்தது அவரல்ல. மூன்று ஜீப். முன் ஜீப்பின் கண்ணாடிக்கு மேலே பிளெக்ஸ்: ‘முனைவர் நாகஜோதிக்கு நல்வாழ்த்துகள்.’ ஜீப்புகளிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ கணக்கில் அடைத்து வந்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் தட்டு. திராட்சை, வாழைப்பழம், தேங்காய், பட்டுச்சேலை. வெள்ளை வேட்டியில் இறங்கிய சுருளிவேலின் கையில் ஏலக்காய் மாலை.

“அண்ணே, என்னண்ணே இது?” என்றேன்.

“சீரு சார். மருமகளுக்கு மாமன் சீரில்லாம ஒரு விசேசமா?”

“விசேசம் இல்லண்ணே, பரீட்சை!”

“பரீட்சைன்னா அனைவரும் வாங்கன்னு எதுக்கு சார் போடுறீக? நானும் பிள்ளைகள எத்தன பரீட்சைக்குக் கொண்டாந்து விட்ருக்கேன். ஒருத்தனும் நம்மள உள்ள கூப்புட்டதில்லையே.”

நான் பேச்சை மாற்றினேன். “சரி, அந்த பிளெக்ஸயாவது கழட்டுங்க. இன்னும் பட்டம் குடுக்கல!”

“குடுக்கத்தான போறீக? அப்பறம் இன்னொருக்கா அடிக்கவா முடியும்?”

பின்னால் கமலவேணி அம்மையாரின் குரல் கேட்டது. “சந்தோஷம், சார்.” மனதுக்குள் மெமோவுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன்.

சரியாக அப்போது சூசைநாதனின் கார் வந்தது. கறுத்து மெலிந்த மனிதர், கையில் துணிப்பை. சுருளிவேல் என் காதோரம், “பிரெஞ்சுக்காரர்னு சொன்னாக, இவரு நம்ம தேவாரம் ஊருப் பக்கத்து ஆளு மாதிரி இருக்காக?” என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னால் போய்க் கும்பிட்டு, தேக்கடிச் சவாரிகளில் கற்ற பிரெஞ்சு அத்தனையையும் இறக்கினார். “போன்ழூர் முசியே! எலேஃபான்! பெத்தி எலேஃபான்! பா தெ புரோப்ளேம்!” வணக்கம் ஐயா, யானை, குட்டி யானை, பிரச்சினை இல்லை. சூசைநாதன் முகம் மாறாமல் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். சிரித்திருந்தால்கூட எனக்கு உயிர் வந்திருக்கும்.

அரங்கம் நிரம்பிவிட்டது. சீர்த்தட்டுகள் மேசையில், ஆய்வேட்டுப் பிரதிகளுக்கும் தேர்வாளரின் அறிக்கைக்கும் நடுவில் இடம் பிடித்தன. ஏலக்காய் வாசனை தூக்கியடித்தது. வழிகாட்டி என்ற முறையில் நான் வரவேற்றேன். ஆய்வாளரை அறிமுகம் செய்தேன். அறிக்கைகளை வாசித்தேன். ‘பதிவாகாத ஓசை’ என்ற இடத்தில் என் குரல் எனக்கே பதிவாகவில்லை.

நாகஜோதி எழுந்தாள். கொஞ்சமும் நடுக்கம் இல்லை. அவள் பங்கையும் நானே நடுங்கிக்கொண்டிருந்தேனே. முதல் மூன்று அத்தியாயங்களை அழகாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டுக்கு ஒரு கதைக்கு வந்தாள். பழைய பிரெஞ்சில் சில அடிகளை ஓசையோடு சொல்லி, அதையே தமிழில் சொன்னாள்.

“ஒரு ஊரில் கஞ்ச வியாபாரி ஒருவன். வேலைக்காரர்கள் தன் கோழியைக் காக்கிறார்களா என்று சோதிக்க, தானே திருடனாக வேடம் போட்டுத் தன் கோழியைத் திருடப் போனான்.”

“ம்” என்றார் முன் வரிசையில் சுருளிவேல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கொட்டகைக்குள் இருட்டு. உள்ளே உலக்கையோடு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்?”

“ம்ம்!” இந்த முறை மூன்று ஜீப்பும் சேர்ந்து. பின்னாலிருந்து ஒரு பெண், “பொண்டாட்டிதான், வேறாரு!” என்றார்.

சூசைநாதன் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்த ‘ம்’முக்கு இன்னொரு கோடு. தப்பை எண்ணுகிறார், கோடுகள் சேர்ந்ததும் தேர்வை ரத்து செய்துவிடுவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குனிந்து குனிந்து முன் வரிசைக்கு ஓடினேன்.

“அண்ணே, கும்புடுறேன். சத்தம் வேணாம்.”

“ம் கொட்டாம எப்புடி சார்? தூங்கிட்டேன்னு நெனைச்சிருவாளே.”

“பட்டம் போயிரும்ணே!”

அந்த ஒரு வார்த்தை போதும். சுருளிவேல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பின்னால் திரும்பி, “மதி, மதி” என்று மலையாளத்தில் ‘போதும்’ சொல்லி அடக்கினார். அரங்கம் அடங்கியது. நான் வெற்றியோடு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

“உலக்கை இறங்கியது. வியாபாரி கத்த வாயைத் திறந்தான். கத்தினானா?”

அமைதி.

நாகஜோதி நின்றுவிட்டாள். கண் மாமாவின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த வரி வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த அமைதிக்கு அவளுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று. கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது. ஜீப் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

“மாமா!” என்றாள் வாய்விட்டு. “முழிச்சிருக்கீகளா?”

“முழிச்சுத்தான் இருக்கேன் ஆத்தா! ஒங்க சாருதான் கொட்ட வேணாம்னாக!”

சிரிப்பு வெடித்தது. மிக்சருக்கு வந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. சூசைநாதன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“இது என்ன பழக்கம்? இந்த யோசனை உங்களுக்கு இங்கிருந்துதான் வந்ததா?”

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். நாகஜோதி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் சுருளிவேல் எழுந்துவிட்டார். “ஜீப்புல வந்துச்சு சார்!” ஜீப் சட்டம் முழுவதையும், வளைவு உட்பட, கையில் ஸ்டியரிங் பிடித்துக் காட்டி விளக்கினார். நான் நாற்காலியோடு தரைக்குள் போக முயன்றுகொண்டிருந்தேன்.

சூசைநாதன் நாகஜோதியிடம் திரும்பினார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. கேள்வி அப்படி இல்லை. “ஆக, கூடலூர் ஜீப்பில் கேட்ட ஓசையை எடுத்துப் போய்ப் பிரெஞ்சுத் தோல் பிரதியில் ஒட்டியிருக்கிறீர்கள். அப்படித்தானே? அங்கே ஜீப் ஓடவில்லையே அம்மா.”

“இல்லைங்க சார்” என்றாள் நாகஜோதி. “ஜீப் எனக்குக் கேள்வியைத்தான் குடுத்துச்சு. பதிலுக்கு அது சாட்சி இல்ல. இவங்க இன்னைக்குக் குரல் கொடுத்ததால, அன்னைக்கு அவங்களும் கொடுத்தாங்கன்னு நான் எங்கயும் எழுதல.”

“பிறகு எதை வைத்து எழுதினீர்கள்?”

“எனக்கு எதிரா ஒரு பிரதி கிடைக்குதான்னு தேடினேன். கிடைச்சுது. அதுல கேள்வி வரி ஒண்ணுகூட இல்ல, மொத்தமா வெட்டிருக்காங்க. அப்ப நான் சொல்றது தப்போன்னு ரொம்ப நாள் தூங்கல. அப்பறம் அந்தப் பிரதியோட அளவைப் பாத்தேன். உள்ளங்கை அகலந்தான். எழுத்து பொடிப்பொடியா இருக்கு. கூட்டத்துக்கு நடுவுல நின்னு அதை வாசிக்கவே முடியாது. ஒருத்தர் தனியா கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் படிக்கணும். தனியாப் படிக்கிறவருக்குப் பக்கத்துல குரல் கொடுக்க யாரும் இல்ல. கேள்வி வேண்டியதில்லாமப் போச்சு. பெரிய பிரதிகள்ல மட்டும் கேள்வி தங்கிருக்கு. இது பின்னிணைப்புல இருக்கு சார்.”

“படித்தேன்” என்றார் சூசைநாதன். “அத்தியாயத்துக்குள் இருக்க வேண்டியது அது. ஏன் பின்னால் ஒளித்து வைத்தீர்கள்?”

நானே கையைத் தூக்கினேன். எதிர்ச் சான்றை முன்னால் வைத்தால் தேர்வாளர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து, பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னது சாட்சாத் நான்.

“அப்படித்தான் நினைத்தேன்” என்றார் சூசைநாதன்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் பிரதிகளின் அளவு, வரி இடைவெளி, ஓரக் குறிப்பு என்று பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்கள். என்னை மறந்துவிட்டார்கள். பொட்டல் காட்டில் நீர் ஊற்றைக் கண்ட இருவர் மாதிரி முகம் இரண்டும் மலர்ந்திருந்தன. நான் ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து உள்ளே போன முதல் ஆகாரம்.

முறைப்படி, அவையோர் கேள்வி கேட்கலாம் என்று கமலவேணி அம்மையார் அறிவித்தார். வழக்கமாக அந்த இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்; தேநீர்தான் வரும். சுருளிவேல் எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஐயா, எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். எம் மருமக சொல்றது சரியா, தப்பா?”

சூசைநாதன் எழுந்து நின்று பதில் சொன்னார். உட்கார்ந்தபடி சொல்லியிருக்கலாம். “சரியாக இருக்கலாம் ஐயா. தப்பென்று காட்டத்தான் நான் புதுச்சேரியிலிருந்து வந்தேன். என்னால் முடியவில்லை.”

“அப்ப அந்தக் கோடு?”

“எந்தக் கோடு?”

“நாங்க சத்தம் போடுறப்பெல்லாம் தாள்ல கோடு கிழிச்சீகளே. அதுக்கு மார்க்கு கொறைப்பீகன்னு இந்தா இந்த சாரு வேர்த்துப் போயிட்டாக.”

சூசைநாதன் தாளைத் தூக்கிக் காட்டினார். எந்தெந்த வரியில் குரல் வந்தது என்று பழைய பிரெஞ்சு அடிகளுக்குப் பக்கத்தில் குறித்திருந்தார். “இது என் சொந்த ஆசைக்கு” என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் முறையாகச் சிரித்தார். கமலவேணி அம்மையார் எழுந்து வந்து, சீர்த்தட்டிலிருந்த ஏலக்காய் மாலையை எடுத்துச் சுருளிவேல் கையில் கொடுத்து, நாகஜோதி நின்ற பக்கம் கையைக் காட்டினார். அவருடைய அகராதியில் இதற்குப் பொருள் எனக்கு அதுவரை தெரியாது.

சரி தம்பி, ஸ்கிரீன் முன்னால் உட்காரப் போகிற உங்களுக்காக, நான் பயந்ததையெல்லாம் கழித்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன். தேர்வாளர் கேள்வி கேட்டார். நாகஜோதி பதில் சொன்னாள். பின்னிணைப்பை நான்காம் அத்தியாயத்துக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்து, சூசைநாதன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.